தலைக்குக் குளிக்கும்போது எதெல்லாம் செலவாகிறது?

தலைமுடிப் பராமரிப்பையும் சுற்றுச்சூழலையும் சேர்த்து யோசிக்கத் தொடங்கும் பெரும்பாலோரின் மனம் முதலில் ஷாம்பு புட்டியிலேயே நின்றுவிடுகிறது. கையில் இருப்பது பிளாஸ்டிக், தீர்ந்ததும் அது குப்பைக்குத்தான் போகப் போகிறது, ஆகவே இந்தப் பழக்கத்தால் உலகுக்கு நேரும் கேடு இந்தப் புட்டியின் கேடுதான் என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு ஒரு வரிசை தெரிகிறது. ஒரு முறை தலைக்குக் குளிப்பதில் மிகுதியாகச் செலவாவது நீரைச் சூடாக்கும் ஆற்றல். அடுத்ததாகக் கவலைப்பட வேண்டியது, நுரையோடு சேர்ந்து சாக்கடையில் இறங்கும் வேதிப்பொருள்கள். கண்ணுக்கு நேரே இருக்கும் புட்டி, கரியமில வாயுக் கணக்கில் இவற்றுக்கு வெகு பின்னால்தான் நிற்கிறது. இந்த வரிசை ஏன் இப்படி அமைகிறது என்பதை, இதைப் பற்றி முதல் முறையாக அறிந்துகொள்ள விரும்பும் ஒருவருக்குப் புரியும்படி விளக்க முயல்கிறேன்.

இத்தகைய கணக்கைப் போடுவதற்கு அறிவியலாளர்கள் பயன்படுத்தும் முறைக்கு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். அதன் நடைமுறையை ஐஎஸ்ஓ என்னும் பன்னாட்டுத் தர அமைப்பு 14040, 14044 ஆகிய எண்களுள்ள தரங்களில் வகுத்திருக்கிறது. பெயர் பெரிதாக இருந்தாலும் கருத்து எளிமையானதுதான். ஒரு பொருளின் மூலப்பொருள் மண்ணிலிருந்து எடுக்கப்படும் இடத்தில் தொடங்கி, ஆலையில் தயாராகி, வண்டியிலும் கப்பலிலும் பயணம் செய்து, வீட்டில் பயன்பட்டு, கடைசியில் கழிவாகிச் சேரும் இடம் வரை, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு நீரும் ஆற்றலும் செலவாகின்றன, எவ்வளவு மாசு வெளியேறுகிறது என்று கூட்டிப் பார்ப்பதே அந்த முறை. ஷாம்புவைப் பொறுத்தவரை இந்தச் சங்கிலியின் மிகக் கனமான கண்ணி ஆலையிலும் இல்லை, குப்பைமேட்டிலும் இல்லை. அது நம் குளியலறையில் இருக்கிறது.

வெந்நீரின் கணக்கு

நீரைச் சூடாக்குவது நாம் நினைப்பதைவிடக் கடினமான வேலை. இயற்கையில் நமக்குக் கிடைக்கும் பொருள்களில் நீரைப் போல இவ்வளவு வெப்பத்தை உள்வாங்கிக்கொள்பவை மிகக் குறைவு. ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்துவதற்கு ஏறத்தாழ 4.2 கிலோஜூல் ஆற்றல் தேவை. நம் மின்கட்டணத்தில் ஒரு யூனிட் என்று குறிக்கப்படுவது 3,600 கிலோஜூல். இந்த இரண்டு எண்களும் தெரிந்தால் போதும், மீதிக் கணக்கை எவரும் தாமே போட்டுவிடலாம்.

நிமிடத்துக்கு 8 லிட்டர் நீரைப் பொழியும் ஒரு ஷவரின் கீழ் ஒருவர் 10 நிமிடம் நின்று தலைக்குக் குளிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் செலவிட்ட நீர் 80 லிட்டர். குழாயில் 25 டிகிரியில் வரும் நீரை 40 டிகிரிக்குச் சூடாக்கியிருந்தால், 80 லிட்டரை 15 டிகிரி உயர்த்தச் செலவான ஆற்றல் 5,040 கிலோஜூல், அதாவது 1.4 யூனிட். ஒரு 9 வாட் எல்இடி விளக்கை அந்த மின்சாரத்தைக் கொண்டு 150 மணி நேரத்துக்கும் மேலாக எரிய வைக்கலாம். குளிர்காலத்தில் நீர் 10 டிகிரியில் வரும் ஊராக இருந்தால் இந்தச் செலவு இரு மடங்காகிறது. கொதிகலனிலும் குழாயிலும் வீணாகும் வெப்பத்தையும், வெந்நீர் வந்து சேரும்வரை நாம் திறந்துவிட்டு வடியவிடும் தண்ணீரையும் இதில் இன்னும் சேர்க்கவேயில்லை.

இப்போது புட்டியின் பக்கம் வருவோம். 300 மில்லிலிட்டர் ஷாம்பு பிடிக்கும் ஒரு புட்டியின் எடையை 30 கிராம் என்றும், ஒரு முறைக்கு 10 மில்லிலிட்டர் எடுப்பதாகவும் கொண்டால், அந்தப் புட்டி 30 குளியலுக்கு வரும். ஒரு கிலோ பிளாஸ்டிக்கைத் தயாரிக்கும்போது ஏறத்தாழ 2 கிலோ கரியமில வாயு வெளியேறுவதாகக் கணக்கிடப்படுகிறது. அந்த வீதத்தில் புட்டிக்கு 60 கிராம், ஒரு குளியலுக்கு 2 கிராம். நிலக்கரியிலிருந்து கிடைக்கும் மின்சாரமாக இருந்தால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஆகவே மேலே சொன்ன வெந்நீரின் பங்கு சுமார் 1,400 கிராம். இடையிலுள்ள வித்தியாசம் 700 மடங்கு. மின்சாரம் பத்தில் ஒரு பங்கு மாசோடு கிடைக்கும் இடத்தில்கூட அந்த வித்தியாசம் 70 மடங்காக இருக்கும். சூரிய வெப்பத்தால் நீரைச் சூடாக்கும் வீட்டில் மட்டும்தான் இந்தக் கணக்கு உண்மையாகவே தலைகீழாக மாறுகிறது.

இதை நான் முதலில் கணக்கிட்டபோது எண்களில் பிழை செய்துவிட்டேனோ என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். பிழை இல்லை. புட்டியை மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியோடு கால் மணி நேரம் வெந்நீரில் நிற்கும் ஒருவர், தாம் மிச்சப்படுத்தியதைப் போலப் பல நூறு மடங்கை அதே நேரத்தில் செலவழித்துக்கொண்டிருக்கிறார் என்பதை எவரேனும் எடுத்துச் சொல்லியாக வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் வீட்டுக் கணக்கை அறிய விரும்பினால் ஒரு வாளியை ஷவருக்குக் கீழே வைத்து, கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக ஒரு நிமிடம் நீரைத் திறந்துவிடுங்கள். வாளியில் சேர்ந்ததுதான் உங்கள் ஷவரின் வேகம். அமெரிக்காவில் 1994 முதல் நடைமுறையில் உள்ள விதி, ஷவர் தலை ஒன்று நிமிடத்துக்கு 2.5 காலனுக்கு மேல், அதாவது சுமார் 9.5 லிட்டருக்கு மேல், நீர் விடக் கூடாது என்கிறது. அதற்கு முந்தைய காலத்து ஷவர்கள் இதைவிடவும் வேகமாக நீரைக் கொட்டின. ஒரு வாளி நீரை மொண்டு குளிப்பவர் 20 லிட்டரில் முடித்துவிட்டால் அவருடைய வெப்பச் செலவு முன்பு சொன்னதில் கால் பங்குதான்.

கண்டிஷனரைத் தடவிக்கொண்டு இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்கச் சொல்லும் குறிப்பு பெரும்பாலான புட்டிகளில் இருக்கிறது. அந்த நேரம் முழுவதும் ஷவர் ஓடிக்கொண்டிருந்தால் 16 முதல் 24 லிட்டர் வெந்நீர் எந்தப் பயனும் இல்லாமல் போய்விடுகிறது. அந்தச் சில நிமிடங்களுக்குக் குழாயை மூடி வைப்பதைப் போல அவ்வளவு எளிதாக அவ்வளவு பெரிய பலனைத் தரும் வேறொரு செயல் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. நீரின் சூட்டைக் குறைப்பதும் அதே கணக்கில்தான் சேரும். 40 டிகிரிக்குப் பதிலாக 35 டிகிரியில் குளித்தால், முன்பு சொன்ன எடுத்துக்காட்டில் ஆற்றல் செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

ஹேர் டிரையரையும் இங்கேயே முடித்துவிடலாம். 1,500 வாட் திறனுள்ள டிரையரை 6 நிமிடம் ஓட்டினால் 0.15 யூனிட் செலவாகிறது. வெந்நீரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. துண்டால் நன்றாக ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டுப் பிறகு டிரையரைப் பிடித்தால் இதுவும் பாதியாகக் குறையக்கூடும், ஏனென்றால் நீரைத் துணியால் உறிஞ்சி எடுக்கத் தேவைப்படும் ஆற்றல், அதே நீரை ஆவியாக்கத் தேவைப்படும் ஆற்றலின் அருகில்கூட வராது.

நுரை எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது

திரவ ஷாம்புவில் பெரும்பகுதி, பொதுவாக 70 முதல் 80 சதவீதம் வரை, வெறும் தண்ணீர்தான். அதற்கு அடுத்த பெரிய பங்கு அழுக்குநீக்கி மூலக்கூறுகளுடையது. அவற்றின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். எண்ணெய்ப் பிசுக்கை ஒரு முனையால் பிடித்துக்கொண்டு மறுமுனையால் நீரோடு இழுத்துச் செல்வதால்தான் தலையின் அழுக்கு போகிறது. பொருள்பட்டியலில் சோடியம் லாரில் சல்பேட், சோடியம் லாரெத் சல்பேட் என்று நாம் காண்பவை இந்த வகையைச் சேர்ந்தவை. நுரை என்பது இந்த மூலக்கூறுகள் காற்றுக்குமிழிகளைச் சூழ்ந்து நிற்பதால் உண்டாகும் பக்கவிளைவு மட்டுமே. நுரை மிகுந்தால் சுத்தம் மிகும் என்ற நம்பிக்கை தேவைக்கு மேல் ஷாம்புவை எடுக்க வைக்கிறது. அப்படி எடுத்த நுரையை அலசித் தள்ளுவதற்கு மேலும் வெந்நீர் தேவைப்படுகிறது. ஆகவே ஷாம்புவின் அளவைக் குறைப்பவர் ஒரே நேரத்தில் இரண்டு செலவுகளைக் குறைக்கிறார்.

இந்த மூலக்கூறுகளில் எண்ணெயை நாடும் வால், பெட்ரோலியத்திலிருந்தோ தாவர எண்ணெயிலிருந்தோ செய்யப்படுகிறது. தாவரவழி என்றால் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய், அல்லது செம்பனையின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய். உலகின் செம்பனை எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைகிறது. அதன் தோட்டங்களுக்காக மழைக்காடுகள் வெட்டப்பட்டதும், நூற்றாண்டுகளாக நீரில் ஊறிக் கிடந்த கரிச்சதுப்பு நிலங்கள் வடிகட்டப்பட்டு அவற்றில் சேர்ந்திருந்த கரிமம் காற்றில் கலந்ததும் நன்கு பதிவாகியுள்ள உண்மைகள். இதனால் செம்பனையை முற்றிலும் ஒதுக்கிவிடுவதே தீர்வு என்று தோன்றலாம். நான் அந்த முடிவுக்கு வரத் தயங்குகிறேன். ஒரு ஹெக்டேரில் செம்பனை தரும் எண்ணெய் சோயாவைப் போன்ற பயிர்கள் தருவதைப் போலப் பல மடங்கு. அதே அளவு எண்ணெயை வேறு பயிரிலிருந்து எடுக்க முயன்றால் இன்னும் அதிக நிலம் வேண்டியிருக்கும். எந்தப் பயிர் என்ற கேள்வியைவிட, எந்த நிலத்தை அழித்து அதை நட்டார்கள் என்ற கேள்வியே இங்கே முக்கியமானது.

நுரை குளியலறையை விட்டு வெளியேறிய பிறகு என்ன ஆகிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவலாகப் புழங்கத் தொடங்கிய சலவைப்பொடிகளில் இருந்த அழுக்குநீக்கி மூலக்கூறுகளின் வால் கிளை கிளையாகப் பிரிந்திருந்தது. பாக்டீரியாக்களால் அந்தக் கிளைகளை எளிதில் உடைக்க முடியவில்லை. விளைவாக 1950களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் மலைபோல நுரைத்து ஓடின. மேற்கு ஜெர்மனி 1961இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1965க்குள் கிளையில்லாத, நேரான வாலுடைய மூலக்கூறுகளுக்கு மாறினார்கள். நுரை அடங்கியது. மூலக்கூறின் வடிவத்தில் செய்த ஒரு மாற்றம் ஆறுகளைத் தெளிய வைத்தது என்பது இத்துறையில் நடந்த மிக நம்பிக்கையூட்டும் நிகழ்வுகளில் ஒன்று.

இன்றைய ஷாம்புகளில் உள்ள அழுக்குநீக்கிகள், காற்றூட்டிப் பாக்டீரியாக்களை வளர்க்கும் நல்ல கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைச் சென்றடைந்தால் பெரும்பாலும் முழுமையாகவே சிதைந்துவிடுகின்றன. அந்த ‘சென்றடைந்தால்’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பீட்டின்படி 2022இல் உலக வீடுகளின் கழிவுநீரில் சுமார் 58 சதவீதம் மட்டுமே பாதுகாப்பாகச் சுத்திகரிக்கப்பட்டது. மீதி நீர் போதிய சுத்திகரிப்பு இல்லாமல், பெரும்பாலும் சாக்கடை வழியாக ஏதோ ஒரு குளத்தையோ ஆற்றையோ கடலையோ சேர்கிறது. அங்கே அழுக்குநீக்கிகள் மீன்களின் செவுள்களைச் சிதைக்கக்கூடும். அவற்றைத் தின்று பெருகும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் குறைத்துவிடுகின்றன. ஆகவே இந்த ஷாம்பு நீர்நிலைக்குத் தீங்கா இல்லையா என்ற கேள்விக்கு, புட்டியின் பின்பக்கத்தைப் படித்து மட்டும் விடை சொல்லிவிட முடியாது. உங்கள் வீட்டுச் சாக்கடை எங்கே போய் முடிகிறது என்பதும் விடையின் ஒரு பகுதி.

எளிதில் சிதையாதவை

சுத்திகரிப்பு நிலையத்தைச் சென்றடைந்தாலும் சிதையாத பொருள்கள் சில உண்டு. சோடியம் லாரெத் சல்பேட்டைத் தயாரிக்கும்போது, தலைக்கு இதமாக இருக்க வேண்டும் என்பதற்காக அதனோடு எத்திலீன் ஆக்சைடு சேர்க்கப்படுகிறது. அந்த வினையில் 1,4-டையாக்சேன் என்ற துணைப்பொருள் சிறிதளவு உண்டாகிறது. எவரும் வேண்டுமென்று சேர்ப்பதில்லை என்பதால் இது பொருள்பட்டியலில் இடம்பெறுவதுமில்லை. இது நீரோடு முழுவதுமாகக் கலந்துவிடுகிறது, சேற்றில் ஒட்டுவதில்லை, வழக்கமான சுத்திகரிப்பில் எளிதில் சிதைவதுமில்லை. எனவே நிலத்தடி நீர் வரை இறங்கிவிடுகிறது. மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை வகைப்படுத்தியிருக்கிறது. நியூயார்க் மாநிலம் உடல் பராமரிப்புப் பொருள்களில் இதன் அளவு பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2023ஆம் ஆண்டு இறுதி முதல் கட்டுப்படுத்தியுள்ளது. அதிகப்படியான துணைப்பொருளைத் தயாரிப்பின்போதே உறிஞ்சி அகற்றும் வழிமுறைகள் ஆலைகளிடம் இருக்கின்றன. செலவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

முடிக்கு வழவழப்பைத் தரும் சிலிக்கோன்கள் அடுத்த வகை. அவற்றுள் வளைய வடிவிலுள்ள டி4, டி5 என்று குறிக்கப்படும் சிலாக்சேன்கள் நீரிலும் ஆற்றடி வண்டலிலும் நெடுங்காலம் தங்கி, உயிரினங்களின் உடலில் சேரக்கூடியவை என்ற கவலையால், கழுவிவிடும் பொருள்களில் இவை ஒவ்வொன்றும் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி 31 முதல் தடுத்திருக்கிறது. தலையில் தடவி அப்படியே விடும் பொருள்களுக்கும் இந்தத் தடையை 2027இல் நீட்டிக்கும் விதி 2024இல் பிறந்தது. பொருள்பட்டியலில் சைக்ளோபென்டாசிலாக்சேன் என்று இருந்தால் அது டி5தான்.

பொடுகுக்கான ஷாம்புகளில் நெடுங்காலம் பயன்பட்ட ஜிங்க் பைரித்தியோனைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். கப்பலின் அடிப்பாகத்தில் கடல்சிப்பிகளும் பாசியும் ஒட்டாமலிருக்கப் பூசும் வண்ணத்தில் கலக்கப்படுவதும் இதே பொருள்தான். நீர்வாழ் உயிர்களைக் கொல்வதற்காகவே ஓரிடத்தில் பயன்படும் ஒன்று, மற்றோரிடத்தில் மருந்தாக நம் தலையிலிருந்து அதே நீரை நோக்கிப் போகிறது. சூரிய ஒளி பட்டால் விரைவில் சிதைகிறது என்பது ஆறுதல். ஒளி புகாத சாக்கடைக்குள் அந்த ஆறுதலும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் அழகுப் பொருள்களில் இதைத் தடைசெய்தது. அந்தத் தடைக்குக் காரணம் இனப்பெருக்க நலத்துக்கு இதனால் நேரக்கூடிய கேடு. மீன்களுக்காகச் செய்யப்பட்ட தடை அல்ல அது. பொடுகு ஒரு நோய்நிலை என்பதால் மருத்துவரைக் கேட்காமல் சிகிச்சையை நிறுத்திவிடுமாறு எவருக்கும் நான் சொல்லமாட்டேன். தேவை இல்லாதவர் வெறும் வழக்கத்துக்காக இத்தகைய ஷாம்புவை வாங்குவதைத் தவிர்க்கலாம்.

தலைச்சாயத்தில் பாரா-ஃபினைலீன்டையமின் போன்ற பொருள்களும் ஹைட்ரஜன் பெராக்சைடும் இருக்கின்றன. முடியில் ஏறாமல் மிஞ்சும் சாயம் முழுவதும் அலசும் நீரோடு வெளியேறுகிறது. கலக்கியதில் மிஞ்சியதைக் குழாயடியில் ஊற்றாமல், உலர்ந்த பிறகு குப்பையில் சேர்ப்பது நீர்நிலைக்குச் செய்யும் சிறு உதவி.

காற்றில் கலப்பவை

மேலே சொன்ன டி5 எளிதில் ஆவியாகும் தன்மை உடையது. முடியில் தடவிய சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி காற்றுக்குப் போய்விடுகிறது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரக் காற்றை ஆராய்ந்த அறிவியலாளர்கள், டி5இன் அளவு காலையில், மக்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு நாள் முழுவதும் சிறிது சிறிதாக இறங்குவதைக் கண்டு 2018இல் வெளியிட்டார்கள். ஊர் முழுக்கக் குளித்துத் தலைவாரிக் கிளம்பியதை அந்தக் காற்றே பதிவு செய்துவைத்திருந்தது. அதே நாட்டின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீட்டுச் சூழலில் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, முடியை நேராக்கும் சூடான கருவியைப் பயன்படுத்தும்போது இந்த ஆவி மேலும் மிகுவதைக் காட்டியது. பூட்டிய குளியலறையில் அது முதலில் போய்ச் சேருவது அதைப் பயன்படுத்துபவரின் நுரையீரலுக்குத்தான். சன்னலைத் திறந்து வைப்பதோ, காற்றை வெளியேற்றும் விசிறியை ஓட விடுவதோ நல்லது.

ஹேர் ஸ்பிரேயின் கதை இன்னும் பெரியது. ஒரு காலத்தில் ஸ்பிரே டப்பாக்களில் பொருளை வெளியே தள்ளும் வாயுவாகக் குளோரோஃபுளூரோகார்பன்கள் இருந்தன. அவை மேலே ஏறி ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்பதை மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் எடுத்துக்காட்டினார்கள். அமெரிக்கா 1978இல் பெரும்பாலான ஸ்பிரேக்களில் அவற்றைத் தடைசெய்தது. அண்டார்டிகாவின் மேல் ஓசோன் ஓட்டை இருப்பது 1985இல் வெளியானது. அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையான மான்ட்ரியல் ஒப்பந்தம் 1987இல் கையெழுத்தானது. 1995இல் மொலினாவுக்கும் ரோலண்டுக்கும், ஓசோனை ஆராய்ந்த மற்றொரு அறிவியலாளரான பால் குருட்சனுக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இப்போதைய போக்கு நீடித்தால் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் ஏறத்தாழ 2066இல் 1980இன் நிலைக்குத் திரும்பும் என்பது ஐ.நா. ஆதரவுடன் நடந்த மதிப்பீட்டின் கணிப்பு. அழகுக்காக அழுத்திய ஒரு பொத்தானின் பின்விளைவு ஆற ஒரு மனித ஆயுள் பிடிக்கிறது.

இன்றைய ஸ்பிரேக்களிலும் உலர் ஷாம்பு டப்பாக்களிலும் பெரும்பாலும் புரோபேன், பியூட்டேன் போன்ற வாயுக்கள் இருக்கின்றன. இவை மேலேயுள்ள ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளோடும் வெயிலோடும் சேர்ந்து, தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்குகின்றன. அங்கே அது மூச்சுக்குழலைப் புண்படுத்தும் மாசு. அழுத்தி உமிழும் டப்பாவுக்குப் பதிலாகக் கையால் விசைக்கும் பம்ப் புட்டியையோ, பொடியாகத் தூவும் உலர் ஷாம்புவையோ வாங்கினால் இந்த வாயுக்கள் அடியோடு விலகிவிடும்.

புட்டியும் பொட்டலமும்

கரியமில வாயுக் கணக்கில் புட்டி சிறியது என்றேன். அதனால் அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று கொண்டுவிடக் கூடாது. பிளாஸ்டிக்கின் கேட்டைக் கரியமில வாயுவால் அளப்பது தவறான அளவுகோல். அது மக்காமல் நெடுங்காலம் கிடந்து, சிறுசிறு துகளாக உடைந்து, மண்ணிலும் கடலிலும் உயிர்களின் வயிற்றிலும் தங்குவதே அதன் கேடு. 2019இல் உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் 9 சதவீதம் மட்டுமே மறுசுழற்சியானதாக, பொருளாதார ஒத்துழைப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி 2022இல் தெரிவித்தது.

எல்லாப் புட்டியும் ஒன்றல்ல. ஒரே வகைப் பிளாஸ்டிக்காலான நிறமற்ற அல்லது வெள்ளைப் புட்டி மறுசுழற்சிக்கு ஏற்றது. கரிப்பொடி கலந்த கறுப்புப் புட்டியைக் குப்பை பிரிக்கும் ஆலைகளின் அகச்சிவப்புக் கண்களால் அடையாளம் காண முடிவதில்லை. பம்ப் மூடியில் பல வகைப் பிளாஸ்டிக்கோடு ஓர் உலோகச் சுருள்வில்லும் இருக்கிறது. அதைப் புட்டியோடு சேர்த்துப் போட்டால் புட்டியின் பயனையும் அது கெடுத்துவிடக்கூடும். ஒரு முறைக்கு மட்டும் வரும் சிறு பொட்டலங்களோ, பல படலங்களை ஒட்டிச் செய்யப்பட்டவை என்பதால் பிரித்தெடுக்க இயலாதவை. அளவில் சிறியவை என்பதால் எவரும் பொறுக்கிச் சேர்க்காதவை. இருப்பதிலேயே மோசமான உறை அதுதான் என்பதில் எனக்கு ஐயம் இல்லை, அதே நேரத்தில் ஒரு புட்டிக்கான பணத்தை மொத்தமாகக் கொடுக்க இயலாதவர்தான் அதை வாங்குகிறார் என்பதால், வாங்குபவரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. மாற்று உறையைக் கண்டறிய வேண்டிய கடமை விற்பவருடையது.

கட்டி ஷாம்பு இங்கே உண்மையாகவே உதவுகிறது. அதில் தண்ணீர் மிகக் குறைவாதலால் வெறும் நீரை வண்டியேற்றி ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் செலவு மிச்சமாகிறது. ஒரு காகித உறை போதுமானதாகிறது. நீர் இருந்தால்தான் கிருமி வளரும் என்பதால் கெடாமல் காக்கும் வேதிப்பொருளும் குறைவாகவே தேவைப்படுகிறது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாதாரணச் சோப்பைப் போலச் செய்த கட்டிகள் காரத்தன்மை மிக்கவை. கடினநீரில் முடியின் மேல் பிசுக்காகப் படியும், அதை அலசவே கூடுதல் நீர் செலவாகும். சோடியம் கோக்கோயில் ஐசெத்தியோனேட் போன்ற அழுக்குநீக்கியால் செய்த கட்டிகளில் அந்தத் தொல்லை இல்லை.

உதிரும் முடி

சீப்பில் வரும் முடியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். முடி கெரட்டின் என்ற புரதத்தாலானது. அதன் எடையில் ஏறத்தாழ 15 சதவீதம் நைட்ரஜன். ஆகவே சாயம் ஏறாத முடியை மக்கும் குப்பையில் சேர்த்தால் மெதுவாகவேனும் உரமாகிறது. எண்ணெயைப் பற்றிக்கொள்ளும் அதன் இயல்பும் பயன்பட்டிருக்கிறது. 1989இல் எக்ஸான் வால்டீஸ் கப்பலிலிருந்து அலாஸ்கா கடலில் கச்சா எண்ணெய் கொட்டியபோது, நீர்நாய்களின் மயிரில் எண்ணெய் ஒட்டியிருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த ஃபில் மெக்ரோரி என்ற அமெரிக்க முடிதிருத்துநர், வெட்டிய மனித முடியால் எண்ணெயை எடுத்துவிட முடியும் என்று சோதித்துக் காட்டினார். 2020இல் மொரீஷியஸ் கரையருகே வகாஷியோ கப்பல் தரைதட்டி எண்ணெய் கசிந்தபோது, தீவின் மக்கள் வைக்கோலோடு தங்கள் முடியையும் வெட்டிக் கொடுத்து மிதவைத் தடுப்புகள் செய்தார்கள்.

தெருவில் பறக்கவிட்ட முடியோ வேறு வேலை செய்கிறது. பாரிஸ் நகரத்துப் புறாக்களின் கால்விரல்கள் ஏன் இவ்வளவு அறுபட்டிருக்கின்றன என்று ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், முடிதிருத்தும் கடைகள் நெருக்கமாக இருக்கும் பகுதிகளில் விரலிழந்த புறாக்கள் அதிகம் இருப்பது தெரியவந்தது. நூலும் முடியும் விரலில் சுற்றி, நாளடைவில் இறுகி, ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடுகின்றன. வாரி எடுத்த முடியைச் சன்னல் வழியாக வெளியே விடாமல், சிறு சுருளாக்கிக் காகிதத்தில் மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டால் அந்தப் பறவைகளுக்கு அதனால் ஆபத்து இல்லை.